பதினொன்றரை அடி

14

கணவரின் சிநேகிதர் சம்பத் வந்து விசாரித்துவிட்டுப் போனதை அஜீசா ஆறு நாட்களாக யாரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. "ஊரப்பாக்கம் போயிட்டு வரேன். சம்பத் வீட்டுல மேட்ச்" என்று சொல்லி ஹிதாயத்துல்லா பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதே சம்பத், தாம்பரத்தில் அவர்கள் வீட்டு கேட்டைத் தட்டி, "பாய் இருக்காரா தங்கச்சி?" என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். சாயங்காலம் திரும்பி வந்த கணவர், கடைசி ஐந்து ஓவர்களைப் பற்றி உற்சாகமாகப் பேசினார். சம்பத் இப்படிக் கத்தினான், சம்பத் அப்படிக் குதித்தான் என்றார். அவள் கேட்டுக்கொண்டே டீ ஆற்றிக் கொடுத்தாள்.

கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். சொல்லப்பட்ட பதிலோடு அப்புறம் மிச்ச வாழ்க்கையையும் வாழ்ந்தாக வேண்டும். கேட்காத வரைக்கும் எல்லாமே சந்தேகம்தான். சந்தேகத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, மூச்சு விடுவதற்கு.

சனிக்கிழமை காலையில் அவராகவே ஆரம்பித்தார்.

"கிளம்புங்க ரெண்டு பேரும். புது டீவி பார்த்துட்டு வருவோம். உலகக் கோப்பைக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல."

"இருக்கற டீவிக்கு என்ன?" என்றாள் அஜீசா.

"அது டீவியா? அதுல பந்து எங்க போவுதுன்னே தெரியல. ஃபீல்டர் ஓடறத பார்த்துதான் பந்த கண்டுபிடிக்க வேண்டியிருக்கு."

மகள் சோயா சிரித்தாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவள். அத்தா என்ன சொன்னாலும் இப்போதெல்லாம் சட்டென்று சிரித்துவிடுகிறாள். அதையும் அஜீசா கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறாள்.

ஜிஎஸ்டி ரோட்டுக் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே குளிர் முகத்தில் அடித்தது. சுவர் முழுக்கத் தட்டையான டீவிகள். எல்லாவற்றிலும் ஒரே பழைய ஆட்டம். ஒரே மைதானம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை. ஒரே பீஸ் துணியைத் துண்டு துண்டாக்கித் தனித்தனிச் சாயத்தில் முக்கியது போல இருந்தது அவளுக்கு.

"வாங்க சார்!" என்று ஓடி வந்தான் விற்பனை செய்யும் பையன். சட்டையில் குமரேசன் என்று பெயர் குத்தியிருந்தது. "இன்னிக்கு ஃபேமிலியோட வந்துட்டீங்களே! உங்க இடம் அப்படியே..."

"பெரிய ஸ்க்ரீன் எதெல்லாம் இருக்கு, காட்டுப்பா" என்று ஹிதாயத்துல்லா குறுக்கே பேசினார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

குமரேசன் அவரைப் பார்த்தான். பிறகு அஜீசாவைப் பார்த்தான். சிரிப்பைச் சின்னதாக்கிக்கொண்டான்.

அவளுடைய கணவரை இவனுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"ஸ்போர்ட்ஸுக்குன்னா பிளாஸ்மா எடுங்க மேடம்" என்று அவளிடம் விளக்கினான். "எல்சிடில படம் பளிச்சுன்னு இருக்கும். ஆனா பந்து வேகமா போச்சுன்னா பின்னாடி வால் மாதிரி இழுக்கும்."

"பந்துக்கு வாலா?" என்றாள் சோயா.

"ஆமாங்க. இதுல பாருங்க, இப்ப அடிப்பான்... பாத்தீங்களா வால?"

மூன்று பேரும் பார்த்தார்கள். அஜீசாவுக்கு வால் எதுவும் தெரியவில்லை. ஆனால் கணவர் பெரிய உண்மையைக் கண்டுகொண்டவர் போலத் தலையை ஆட்டினார்.

"எத்தனை இஞ்ச் வேணும்ங்கிறது நீங்க உட்கார்ற தூரத்த பொறுத்தது சார். எட்டு, ஒன்பது அடின்னா முப்பத்திரண்டு போதும். அதுக்கு மேல பெருசா போனா கண்ணு வலிக்கும். உங்க வீட்டுல சோபாவுக்கும் டீவிக்கும் எவ்வளவு இருக்கும்?"

"பதினொன்ற அடி."

யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அப்ப நாற்பத்திரண்டு கரெக்டா இருக்கும் சார்."

அஜீசா தன் வீட்டு ஹாலை மனசுக்குள் கொண்டுவந்தாள். அந்த ஹாலின் ஜன்னல் திரையைத் தைத்தவள் அவள். சோபா உறையைத் தைத்தவள் அவள். அந்த ஹாலில் பதினொன்றரை அடி எங்கே இருக்கிறது?

"நம்ம ஹாலுல அவ்வளவு வருமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தோராயமா சொன்னேன்."

தோராயமாக! அலுமினிய ஜன்னல் போடும் கடை வைத்திருப்பவர். ஒரு நூல் தப்பினால் ஜன்னல் சட்டத்தில் உட்காராது என்று வேலையாட்களைப் போட்டு வாட்டுகிறவர். இருபத்து மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தோராயமான அளவை அவள் கேட்டதில்லை.

சோயாவைப் பார்த்தாள். சோயா செல்போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும் அந்த ஹால். அவளும் வாயைத் திறக்கவில்லை.

பில் போடும்போது குமரேசன் கேட்டான். "டெலிவரி நாளைக்கே பண்ணிடலாமா சார்? அட்ரஸ் சொல்லுங்க."

"அவசரம் இல்ல. பத்து நாள் ஆகட்டும். நானே போன் பண்ணி சொல்றேன்."

"அட்ரஸ்?"

"அதையும் அப்பவே சொல்றேன்."

மேட்ச் பார்க்கத் துடிக்கிற மனிதர். பத்து நாள் ஆகட்டும் என்கிறார். விலாசத்தைப் பெண்டாட்டி முன்னால் சொல்லமாட்டேன் என்கிறார். அஜீசா பர்தாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏசி குளிர் என்று சோயாவிடம் சொன்னாள்.

வீட்டில் இறக்கிவிட்டு, "கடைக்குப் போறேன்" என்று அவர் போய்விட்டார். சோயாவும் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். அஜீசா தையல் அறைக்குள் போய் நாடாவை எடுத்து வந்தாள்.

தையல் நாடா ஐந்தடிதான். சோபாவின் சாய்மானத்தில் ஒரு முனையைக் குண்டூசியால் குத்தி, தரையில் சாக்பீஸால் குறி வைத்து, மறுபடி நீட்டினாள். எட்டே முக்கால் அடி. இன்னொரு தடவை அளந்தாள். எட்டே முக்கால்தான்.

சோபாவுக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் அவளுடைய தையல் அறை. அந்த அறைக்கு வேறு வழி கிடையாது, ஹாலைத் தாண்டித்தான் வர வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுடிதாருக்கும் ஜாக்கெட்டுக்கும் அளவு கொடுக்க வருவார்கள். உள்ளே வந்து கதவைத் தாழ் போட்ட பிறகுதான் பர்தாவைக் கழற்றுவார்கள். அளவு எடுக்கிற நேரத்தில் பேசாத விஷயமே கிடையாது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அஜீசா சிரிக்கிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

தரையிலேயே உட்கார்ந்து அந்த இன்னொரு ஹாலை யோசித்தாள். பதினொன்றரை அடி. நல்ல காற்றோட்டமாக இருக்கும். சோபா என்ன நிறம்? ஜன்னலுக்கு யார் திரை தைத்திருப்பார்கள்? அந்த வீட்டுக்காரியின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. ஆனால் திரைத்துணியின் பூப்போட்ட கரை தெளிவாகத் தெரிந்தது. கடையில் வாங்கிய ரெடிமேட் திரை. கீழ்மடிப்பு ஒழுங்காக இல்லை.

அதைக் கற்பனை செய்துவிட்ட பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. லுஹர் தொழுதாள். மனசு எதிலும் நிற்கவில்லை. நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம். சம்பத் வீட்டு விலாசத்தைப் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் பார்த்து வைத்திருந்தாள். கதவைத் திறந்தது சம்பத்தின் மனைவி அபிதகுஜாம்பாள். இரண்டு கல்யாணங்களில் பார்த்துப் பேசிய பழக்கம்.

"அட, அஜீசா! என்ன இந்த வெயில்ல? உள்ள வாங்க, உள்ள வாங்க."

"இந்தப் பக்கம் ஒருத்தங்கள பார்க்க வந்தேன் அக்கா. அப்படியே உங்களையும்..."

பொய் சுலபமாக வந்தது. அதில் அவளுக்கே ஆச்சரியம்.

மோர் கொண்டுவர அபிதகுஜாம்பாள் உள்ளே போன நேரத்தில் அஜீசா நாடாவைத் தொடவில்லை. தரையில் ஒரு அடி சதுர டைல்ஸ். எண்ணினாலே போதும். சோபாவின் காலிலிருந்து டீவி மேஜை வரைக்கும் ஏழு. மறுபடியும் எண்ணினாள். ஏழேதான். டீவியின் மேல் ஒரு துணி போர்த்தி, அதன் மேல் கணக்குக் கைடு அடுக்கி வைத்திருந்தது.

"என்னக்கா, டீவிய மூடி வெச்சிருக்கீங்க?"

"பெரியவ பத்தாவது. தீபாவளி முடிஞ்ச கையோட கேபிள புடுங்கச் சொல்லிட்டேன். உங்க வூட்டுக்காரரும் எங்க வூட்டுக்காரரும் இங்க உட்கார்ந்து போட்ட கூச்சல்ல இவ எங்க படிக்கிறது? நானே நேரா சொல்லிட்டேன், பரீட்சை முடியற வரைக்கும் மேட்ச் கிடையாது பாய்னு. கோவிச்சுக்கலயே அவரு?"

"இல்லக்கா."

"மூணு மாசமா இந்தப் பக்கமே வரலயே, அதான் கேட்டேன். போன ஞாயித்துக்கிழமை இவரு உங்க வூட்லயாச்சும் பார்க்கலாம்னு வந்தாராம். பாய் இல்லன்னு தொங்கிப்போன மூஞ்சோட திரும்பி வந்தாரு." வாய்விட்டுச் சிரித்தாள். "ஆம்பளைங்களுக்கு எங்கியாச்சும் போய் உட்கார்ந்து கத்தணும். இல்லன்னா ஒடம்புக்கு ஆவாது."

மூன்று மாதம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை சனிக்கிழமைகள். ஒவ்வொரு தடவையும் சம்பத் கத்தினான், குதித்தான் என்று சொல்லியிருக்கிறார். பொய்யை ஓவர் ஓவராகச் சொல்லியிருக்கிறார். மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு அழுகை வரவில்லை. அதுவே பயமாக இருந்தது. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று கேட்பதற்கா இத்தனை நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தாள். ஒருவர் மேல் இருக்கும் நம்பிக்கை ஒரே நாளில் போவதில்லை. துணியில் ஒரு இழை போவது போல, முதலில் ஒன்று, பிறகு பக்கத்தில் ஒன்று. போன பிறகும் துணி துணி மாதிரியேதான் தெரியும்.

தாம்பரத்தில் இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காலையில் குமரேசன் பாதியில் விட்ட வாக்கியம் மனசில் உறுத்தியது. உங்க இடம் அப்படியே... எந்த இடம்?

கடைக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே பெரிய திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நடக்கிற ஆட்டம். அதன் முன்னால் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கையில் மார்க்கெட் பை வைத்திருந்த ஒருவர். எல்லோரையும் தாண்டி இடது ஓரத்தில், தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஹிதாயத்துல்லா.

நின்றுகொண்டிருந்தார். வலது காலிலிருந்து இடது காலுக்கு எடையை மாற்றினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மாற்றினார். யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு டீவி காட்ட குமரேசன் வந்தபோது, உடனே ஒதுங்கி வழிவிட்டார். மூன்று மாதமாக எதையும் வாங்காமலே நின்று பார்த்துப் பழகிய மனிதரின் ஒதுங்கல் அது.

அஜீசாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எவளும் இல்லை. பூப்போட்ட திரை இல்லை.

இரண்டாவதாக வந்தது அவ்வளவு சுகமாக இல்லை. சொந்த வீட்டில் டீவி இருக்கும் மனிதர் ஏன் இங்கே நிற்கிறார்? லீவு நாளில்தான் அவளுக்கு அளவு கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். "லேடீஸ் வராங்க, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க" என்று அவள்தான் சொல்வாள். எத்தனை வருடமாகச் சொல்கிறாள்! அவரும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். எங்கே போவார் என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. வெளியே என்பது ஏதோ ஓர் இடம் போலவும், அங்கே அவருக்கு நாற்காலி போட்டிருப்பது போலவும் இருந்துவிட்டாள்.

உள்ளே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடலாமா என்று எழுந்தாள். எழுந்தவளை அந்த எண் நிறுத்தியது. பதினொன்றரை அடி எங்கே இருக்கிறது?

வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. உள்ளே டக், டக் என்று சத்தம். சோபாவை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு, அதன் பின்னால் இருந்த சுவரை ஒருவர் விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் பொன்னுரங்கம். போன மழைக்கு மாடி ஒழுகலை அடைத்துக் கொடுத்தவர்.

"வாங்க பாயம்மா. பாப்பாதான் கதவ தொறந்துச்சு. டீ போட்டுகினு கீது உள்ள."

"என்ன பண்றீங்க பொன்னுரங்கம்?"

"செவுர பாத்துகினு கீறேன். வெறும் நாலரை இஞ்ச் செவுருமா. மேல பாரம் ஒண்ணியும் இல்ல. திங்கக்கெழம கை வெச்சா ரெண்டு நாள்ல இடிச்சி, பூசி, க்ளீன் பண்ணி குட்த்துர்றேன். நீங்க உள்ள கீற மிஷின மட்டும் எட்த்து வெச்சிக்கங்க."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு இடிக்கணும்?"

"இன்னாமா இப்டி கேக்குற? டீவி வருதில்ல! இந்த செவுரு பூட்ச்சுன்னா சோபாவ இந்தாண்ட தள்ளிக்கலாம். அங்கேர்ந்து கரீட்டா பதினொன்ற அடி. அதுக்குப் பின்னாடி நாலு சேர் வேற போட்லாம். ஆளுங்க வந்தா..." அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு தேய்ந்தது. "பாய் உங்கையில சொல்லலியா? அட, பேஜாரா பூட்ச்சே."

ஆக, இன்னொரு வீடு இல்லை. இந்த வீட்டிலேயே, அவள் இல்லாத ஒரு வீட்டை அவர் அளந்து வைத்திருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் வந்த நிம்மதியை நினைத்துக் கூசினாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த நிம்மதியிலேயே எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பாள். எவளும் இல்லை, இது போதும், சுவர் போனால் போகட்டும் என்று. பெரிய இடி விழப்போகிறது என்று பயந்திருப்பவளிடம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"யாரு அளந்தது?"

"நீங்க பல்லாவரம் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கல்ல, அன்னிக்கி. பாய் அந்தாண்ட டேப்ப வெச்சாரு. பாப்பா கதவு வழியா இந்தாண்ட, உங்க ரூமுக்குள்ள நின்னுகினு புட்ச்சிது."

சோயா இரண்டு டம்ளர் டீயோடு சமையலறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"டீய குடிச்சிட்டுக் கிளம்புங்க பொன்னுரங்கம். திங்கக்கிழமை வர வேணாம்."

"பாய் கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவர் டீயைச் சூடாகவே விழுங்கிவிட்டுப் போனார். போகும்போது சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார். அந்த மரியாதைக்கு அஜீசாவுக்குக் கண் கலங்கியது.

"அத்தா பாவம்மா" என்றாள் சோயா. "கடையில நின்னுக்கிட்டே பார்க்கறார். உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

சோயா திடுக்கிட்டாள்.

"அத்தா பாவம். சரி. நான்? நம்ம வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க எங்க போய் அளவு கொடுப்பாங்க? நான் எங்க உட்காருவேன்?"

"சமையல் ரூம் ஓரமா மிஷின போட்டுக்கலாம்னு அத்தா..."

"அத்தா சொன்னார். நீ என்ன சொன்னே?"

கடையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே குனிந்த தலை. இது பாவப்பட்டுச் செய்த உதவி மட்டும் இல்லை என்று அஜீசாவுக்குத் தோன்றியது. கொஞ்ச நாளாக அத்தா சொன்னதற்கெல்லாம் சிரிக்கிற சிரிப்பு.

"உனக்கு அவர் என்ன தரேன்னார்?"

"அம்மா!"

"கேக்கறேன். சொல்லு."

வாசலில் பைக் வந்து நின்றது. ஆட்டம் நன்றாக முடிந்திருக்க வேண்டும், ஹிதாயத்துல்லா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாசற்படியில் நின்று, வழக்கம் போல, செருப்பைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாராச்சும் அளவு கொடுக்க வந்திருக்காங்களா? நான் வேணா அப்புறமா..."

"யாரும் இல்ல. உள்ள வாங்க."

"இல்ல, அஸர் தொழுகைக்கு அப்புறம் ஆளுங்க வர்ற நேரமாச்சே."

"போன் பண்ணி நாளைக்கு வரச் சொல்லிடறேன். உட்காருங்க. மூணு மாசமா நின்னுட்டே இருக்கீங்க, கால் வலிக்காதா?"

அவர் முகத்திலிருந்து ஆட்டம் போய்விட்டது. மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். சொந்த வீட்டு சோபாவின் நுனியில், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் அஜீசா. கேட்டா வேணாம்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவே. அதான் தள்ளித் தள்ளி... அட்ரஸ் கொடுத்தா சுவர் போறதுக்கு முன்னாடியே டீவிய கொண்டாந்துடுவாங்கன்னு அதையும் சொல்லல."

"இடிச்ச அப்புறம் சொல்லலாம்னா?"

அவளுக்கு அவர் மேல் கோபம் இருந்தது. தூணில் சாய்ந்து நின்ற அந்தத் தோளை நினைத்தால் இரக்கமும் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடக் கூடாது என்று கவனமாகப் பேசினாள்.

"உங்கள வெளிய அனுப்பினது என் தப்பு. லீவு நாள்ல, மேட்ச் இருந்தா, இனிமே நான் யாரையும் வரச் சொல்லல. ஹால் உங்களுக்கு. சம்பத் அண்ணனையும் கூப்பிட்டுக்கங்க. எட்டே முக்கால் அடிக்கு எது ஒத்து வருமோ அந்த டீவிய மாத்தி வாங்கிட்டு வாங்க. ஆனா சுவர் நிக்கும்."

"முப்பத்திரண்டுல பந்து..."

"சுவர் நிக்கும்ங்க."

"சரி" என்றார். சொல்லும்போது அவர் கண் தன் மேல் இல்லை என்பதை அஜீசா கவனித்தாள். அது மகளிடம் இருந்தது. ஏதோ ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. சோயாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. சுவர் நின்றால் இவளுக்கு என்ன போகிறது?

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள் கணவரிடம். "இந்தச் சுவருக்குப் பதிலா இவளுக்கு எதுக்குச் சம்மதம் கொடுத்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார்.

"அத்தா, சொல்லாதீங்க" என்றாள் சோயா. "பையன் வீட்டுலேர்ந்து நாளைக்கு அவங்களே பொண்ணு கேட்டு வராங்க."